தாளம் எண்ணக் கற்பித்த தாசர்: ஸ்ரீ புரந்தரதாசர் திருவரலாறு

நவராத்திரிப் பெருவிழா நம் சிங்கைத் திருநகரின் ஆலயங்கள்தோறும் கோலாகலமாக நடைபெறும் புனிதக் காலம் இது. சிராங்கூன் சாலையின் இருமருங்கிலும் மல்லிகைச் சரங்களும் மாவிலைத் தோரணங்களும் மணம் பரப்ப, அம்பிகை நாளொரு அலங்காரத்தில் எழுந்தருளி அருள்பாலிக்கின்றாள். ஒன்பது இரவுகளும் நிறைவுற்றபின் வரும் விஜயதசமி நன்னாளில், பெற்றோர் தம் செல்வங்களை அழைத்து வந்து கல்வியையும் கலையையும் தொடங்கி வைப்பது நம் மரபு.

அன்று வாய்ப்பாட்டோ, வீணையோ, வயலினோ கற்கத் தொடங்கும் குழந்தை, பாட்டோடு சேர்த்து முதன்முதலாகப் பழகுவது எண்ணுவதையே. வலக்கையால் தொடையில் ஒரு தட்டு. பின்னர் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று விரல் எண்ணிக்கை. அதன்பின் தட்டி வீசுதல் இருமுறை. ஆக மொத்தம் எட்டு அட்சரங்கள். இதுவே ஆதிதாளம். மேடையில் மணிக்கணக்காகப் பாடும் பெரும் வித்துவானின் கையும் இதே எட்டைத்தான் எண்ணுகின்றது.

இவ்வாறு எண்ணிப் பாடும் கல்வியைப் படிப்படியாக ஒழுங்குபடுத்தித் தந்தவர் என்று இசை மரபினர் வழிவழியாகப் போற்றி வரும் பெருமகனார் ஸ்ரீ புரந்தரதாசர். கர்நாடக சங்கீதப் பிதாமகர் என்னும் சிறப்புப் பெயர் அவருக்கு உரியது. அவர்தம் வரலாற்றை இத்திருவிழா நாளில் அன்பர்களுடன் சிந்திப்பது பொருத்தமுடையதாகும்.

செல்வர் குடியில் தோன்றிய சீனிவாசன்

புரந்தரதாசர் 1484 ஆம் ஆண்டில் அவதரித்தார் என்பர். அவர் பிறந்த ஊர் மகாராட்டிரத்தில் பூனாவை அடுத்த புரந்தரகட என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. கர்நாடகத்தில் தீர்த்தஹள்ளியை அடுத்த பகுதியே அவரது பிறப்பிடம் என்பது அண்மைக்கால ஆய்வாளர் சிலரின் கருத்து. தந்தையார் வரதப்ப நாயக்கர், மணிகளும் பொன்னும் வாங்கி விற்கும் வணிகர். வட்டிக்குப் பணம் கொடுப்பதும் அவர் தொழில். திருவேங்கடமுடையானை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின் சீனிவாசன் என்றே அவருக்குப் பெயரிட்டனர். நம் சிராங்கூன் சாலையில் 1855 ஆம் ஆண்டில் தோற்றம் பெற்ற பெருமாள் ஆலயத்தில் நின்றருளும் எம்பெருமானின் திருநாமமும் அதுவே அன்றோ!

இளமையிலேயே சமஸ்கிருதமும் கன்னடமும் இசையும் கற்றுத் தேர்ந்த சீனிவாச நாயக்கர், தந்தையார் மறைந்தபின் வணிகத்தைத் தாமே ஏற்று நடத்தினார். செல்வம் பன்மடங்கு பெருகியது. நவகோடி நாராயணன் என்று ஊரார் அவரை அழைத்தனர். ஆயினும் கொடுக்கும் குணம் மட்டும் அவரிடம் இல்லை. பொழுது விடிந்தால் காசுகளை எண்ணுவதும், பொழுது சாய்ந்தால் வட்டியைக் கணக்கிடுவதுமே அவர் வாழ்க்கையாயிற்று. அவரது துணைவியார் சரஸ்வதி அம்மையாரோ இரக்கமே உருவானவர். ஒரே இல்லத்தில் இறுகிய கரமும் ஈயும் கரமும் சேர்ந்து வாழ்ந்தன.

மூக்குத்தி செய்த மாற்றம்

அடியாரைத் தடுத்தாட்கொள்ள இறைவன் எளிய கோலத்தில் வருவான் என்பதை நம் புராணங்கள் பலவாறு கூறுகின்றன. சீனிவாச நாயக்கரின் கடைக்கும் ஒரு நாள் ஏழை அந்தணர் ஒருவர் வந்தார். தம் மகனின் உபநயனத்திற்குப் பொருளுதவி வேண்டினார். நாயக்கர் நாளை வருமாறு கூறி அனுப்பினார். மறுநாளும் அவ்வாறே. இப்படியே மாதங்கள் பல கழிந்தும் அந்தணர் சலியாமல் வந்து நின்றார். இறுதியில் நாயக்கர், எங்கும் செல்லாத தேய்ந்த காசு ஒன்றைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டார்.

அந்தணர் நேரே நாயக்கரின் இல்லத்திற்குச் சென்று அம்மையாரிடம் தம் குறையைக் கூறினார். கணவரின் பொருளைத் தொட உரிமையில்லை என்று கருதிய அம்மையார், தம் பிறந்தகத்தார் அளித்த மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தார். அந்தணரோ அதனை நாயக்கரின் கடைக்கே கொண்டுவந்து விலை கேட்டார். தம் மனைவியின் மூக்குத்தி என்பதைக் கண்டுகொண்ட நாயக்கர், அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டிற்கு விரைந்தார். மூக்குத்தியைக் காட்டுமாறு மனைவியை வற்புறுத்தினார்.

செய்வதறியாத அம்மையார் பூசையறையில் புகுந்து, நஞ்சருந்தி உயிர்விடத் துணிந்து கிண்ணத்தைக் கையிலெடுத்தார். அதனுள் ஏதோ விழுந்த ஒலி கேட்டது. பார்த்தால் அதே மூக்குத்தி! அதைக் கண்ட நாயக்கர் கடைக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தார். பூட்டியது பூட்டியபடியே இருக்க, உள்ளே மூக்குத்தி இல்லை. அந்தணரையும் எங்கும் காணவில்லை. வந்தவர் யார் என்பது அக்கணமே அவருக்கு விளங்கிற்று.

ஆயிரம் முறை எண்ணினாலும் தவறாத அவரது கணக்கு அன்று முதன்முறையாகத் தவறியது. அந்தத் தவறே அவரை உய்வித்தது. திரட்டிய செல்வம் முழுவதையும் வறியவர்க்கு வழங்கிவிட்டு, மனைவி மக்களுடன் உடுத்திய ஆடையோடு புறப்பட்டார். தம்மை நல்வழிப்படுத்தியவர் தம் மனைவியே என்று பிற்காலத்தில் ஒரு பாடலில் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார். புகழ்பெற்ற ஒருவர் தம் இல்லாளுக்கு அவ்வாறு வெளிப்படையாக நன்றி கூறியது அக்காலத்தில் அரிய செயலாகும்.

விசயநகரத்து வீதிகளில்

துங்கபத்திரை நதிக்கரையில் விசயநகரப் பேரரசு செழித்திருந்த காலம் அது. கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆட்சி செய்தார். அவரால் குருவாகப் போற்றப்பட்டவர் மத்வ மரபின் பெரியார் ஸ்ரீ வியாசராயர். அவரை அடைந்த சீனிவாச நாயக்கர், 1525 ஆம் ஆண்டில் தாச தீட்சை பெற்றுப் புரந்தரதாசர் ஆனார் என்பது வரலாறு. அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. கற்கவும் தொண்டு செய்யவும் காலம் கடந்துவிட்டது என்று எண்ணுவோர் இதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

அன்று முதல் காலில் சதங்கை, ஒரு கையில் தம்பூரா, மறு கையில் சிப்ளாக்கட்டை இவையே அவருடைய உடைமைகள். வீதிவீதியாகப் பாடிச் சென்று, அன்றன்று கிடைத்த அரிசியைக் கொண்டு அன்றன்றைய உணவைச் சமைத்து உண்பது வாழ்க்கை முறையாயிற்று. நாளைக்கென எதுவும் சேர்த்து வைப்பதில்லை. ஒவ்வொரு பாடலின் முடிவிலும் புரந்தர விட்டலன் என்னும் இறைவனின் திருநாமத்தையே முத்திரையாக வைத்தார். வட்டிக் கணக்கெழுதிய கை விட்டலன் பெயரை எழுதலாயிற்று.

அவர் கன்னட மக்கள் அன்றாடம் பேசும் எளிய மொழியில் பாடினார். பொய் வேடத்தையும், உள்ளத் தூய்மையில்லாத சடங்கையும், பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுவதையும் கண்டித்தார். அவர் பாடியவை நான்கு இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் என்று மரபு கூறும். இன்று நமக்குக் கிடைப்பவை அதில் மிகச் சிறு பகுதியே. குருவாகிய வியாசராயரே தம் மாணாக்கரைப் போற்றிப் பாடியுள்ளார் என்றால் அவர்தம் பெருமையை என்னென்பது!

குழந்தைக்கும் எட்டும் இசைக் கல்வி

புரந்தரதாசருக்கு முன்னரும் இந்நாட்டில் இசை இலக்கணம் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் என்னும் நூல் நூற்றுக்கு மேற்பட்ட தாளங்களை விவரிக்கின்றது. ஆனால் அவை புலவர்க்கே உரிய பெருங்கடல். சின்னஞ்சிறு குழந்தை எங்கிருந்து தொடங்குவது, எதை முடித்தபின் எதற்குச் செல்வது என்னும் வழியே தேவைப்பட்டது. அவ்வழியை அமைத்தவர் புரந்தரதாசர் என்று இசையாசிரியர்கள் கூறுவர்.

முதற்பாடத்திற்கு இன்று நாம் மாயாமாளவகௌளை என்றழைக்கும் இராகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இதில் கீழ்ப்பாதியில் ஸ முதல் ம வரை ஸ்வரங்களுக்கிடையே உள்ள இடைவெளி எவ்வாறோ, மேற்பாதியில் ப முதல் மேல் ஸ வரையும் அவ்வாறே அமைந்துள்ளது. ஒரு பாதியைப் பழகிய குரலுக்கு மறுபாதி எளிதில் வசமாகும்.

ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் எனப் பாடங்கள் படிக்கட்டுகள்போல் அமைந்துள்ளன. ஸரளி வரிசையில் ஏறும் ஸ்வரம் எட்டு, இறங்கும் ஸ்வரம் எட்டு. முதற்காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம்; ஆதலின் ஏறி இறங்க ஆதிதாளம் இரண்டு சுற்று ஆகும். இரண்டாம் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம். ஒரே சுற்றில் ஏறி இறங்கிவிடலாம். மூன்றாம் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு நான்கு. ஒரு சுற்றுக்குள் இருமுறை ஏறி இறங்கலாம். இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கையின் வேகம் மாறுவதே இல்லை. குரல் விரைந்தாலும் கை விரைதல் கூடாது. இதுவே குழந்தைகளுக்கு மிகக் கடினமான பாடம், பெரியவர்களுக்கும் அவ்வாறே.

ஸ்வரத்தின் அளவை எழுதிக் காட்டும் முறையும் நம் தமிழ்க் குழந்தைகளுக்குப் புதிதன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று அவர்கள் பள்ளியிலேயே படிக்கின்றனர். கண் இமைக்கும் பொழுதும் விரல் நொடிக்கும் பொழுதுமே மாத்திரையின் அளவு என்று தொல்காப்பியர் வகுத்துள்ளார். இசைப் புத்தகத்திலும் ஸ என்று குறிலாக இருந்தால் ஓர் அளவு. ஸா என்று நெடிலாக இருந்தால் இரண்டு அளவு. காற்புள்ளி ஓர் அளவு நீட்டம். அரைப்புள்ளி இரண்டு அளவு நீட்டம். தமிழ் எழுத்தை அறிந்த பிள்ளை பாதி இசைக் கணக்கை முன்பே அறிந்ததாகும்.

ஏழு தாளம் என்னும் ஏழு படி

அலங்காரங்கள் துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்னும் ஏழு தாளங்களில் அமைந்தவை. சூளாதி எனப்படும் இசைப் பாடல்களில் ஹரிதாசர்கள் கையாண்டு வளர்த்த தாளங்கள் இவை. இவற்றுக்கு வேண்டிய உறுப்புகள் மூன்றே. ஒரு தட்டு மட்டும் உடையது அனுதிருதம். அதன் அளவு ஒன்று. தட்டி வீசுவது திருதம். அதன் அளவு இரண்டு. தட்டி விரல் எண்ணுவது லகு. அதன் அளவு சாதிக்கு ஏற்ப 3, 4, 5, 7, 9 என மாறும்.

குழந்தை முதலில் பழகும் துருவ தாளத்தில் நான்கு, இரண்டு, நான்கு, நான்கு எனப் பதினான்கு அட்சரங்கள். மட்டியம் பத்து, ரூபகம் ஆறு. ஜம்பையில் ஏழும் ஒன்றும் இரண்டுமாகப் பத்து. திரிபுடையில் மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஏழு. அட தாளத்தில் ஐந்தும் ஐந்தும் இரண்டும் இரண்டுமாகப் பதினான்கு. ஏகம் நான்கு. துருவத்திற்கும் அட தாளத்திற்கும் கூட்டுத்தொகை ஒன்றே. மட்டியத்திற்கும் ஜம்பைக்கும் கூட்டுத்தொகை ஒன்றே. ஆயினும் நடையழகு வேறு வேறு. தொகை ஒன்றாயினும் பகுப்பு வேறானால் பயன் வேறாகும் என்பதை விரல்களே பிள்ளைக்குக் கற்பித்துவிடுகின்றன. ஏழு தாளங்களை ஐந்து சாதிகளால் பெருக்க முப்பத்தைந்து தாளங்கள் கிடைக்கும்.

இக்கணக்கையெல்லாம் காணும்போது ஓர் எண்ணம் தோன்றாமற் போவதில்லை. வணிகரின் ஏட்டில் ஒரு காசு குறைந்தாலும் கணக்கு ஒவ்வாது. தாளத்தில் ஓர் அட்சரம் குறைந்தாலும் பாட்டு ஒவ்வாது. தாசராகிய பின்னும் அவர் எண்ணுவதை விடவில்லை. எண்ணும் பொருளை மாற்றிக்கொண்டார். காசை எண்ணியபோது கை மூடிற்று. தாளத்தை எண்ணியபோது கை திறந்தது.

அலங்காரம் முடிந்ததும் கீதம். மலகரி இராகத்தில் விநாயகப் பெருமானையும் ஏனைய தெய்வங்களையும் போற்றி அவர் அருளிய சிறு கீதங்களே இன்றும் பிள்ளைகள் பாடும் முதற்பாடல்கள். மலகரி, முன்பு பழகிய மாயாமாளவகௌளையின் வழிவந்த இராகமே. எனவே குழந்தை புதிய வீட்டிற்குள் நுழையவில்லை. பழகிய வீட்டின் அடுத்த அறைக்குச் செல்கின்றது.

நகரம் அழிந்தது, நாதம் அழியவில்லை

புரந்தரதாசர் 1564 ஆம் ஆண்டில், புஷ்ய மாத அமாவாசையன்று இறைவனடி சேர்ந்தார். அதற்கு மறு ஆண்டே, 1565 இல், தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் தோல்வியுற்றது. தாசர் பாடி நடந்த வீதிகளும் மாடங்களும் மாளிகைகளும் பாழாயின. கருவூலங்கள் சூறையாடப்பட்டன. எண்ணி எண்ணிக் காத்த பொன்னெல்லாம் போன இடம் தெரியவில்லை.

ஹம்பியில் விட்டலர் கோயிலை அடுத்து, துங்கபத்திரைக் கரையில் புரந்தரதாசர் மண்டபம் இன்றும் உள்ளது. ஆற்றில் வெள்ளம் பெருகும் காலங்களில் அது நீருக்குள் மூழ்கிவிடும்; வெள்ளம் வடிந்ததும் மீண்டும் வெளிப்படும். அவர் தந்த இசைக் கல்வியும் அவ்வாறே பேரரசின் அழிவில் மூழ்கிவிடாமல் வெளிப்பட்டு நின்றது. கல்லில் எழுதப்பட்டிருந்தால் உடைந்திருக்கும். ஓலையில் மட்டும் இருந்திருந்தால் எரிந்திருக்கும். அது ஆசிரியரின் கைவிரலிலிருந்து மாணவரின் கைவிரலுக்குச் சென்றுகொண்டிருந்ததால் தப்பிப் பிழைத்தது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் காவிரிக் கரையில் தோன்றிய ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் (1767 - 1847) தம் பிரகலாத பக்தி விஜயம் என்னும் இசை நாடகத்தில் புரந்தரதாசருக்கு வணக்கம் செலுத்தியுள்ளார். கடந்த நூற்றாண்டில் லலிதாங்கி அம்மையாரும் அவர்தம் மகளார் எம்.எல்.வசந்தகுமாரி அம்மையாரும் தாசர் பாடல்களைத் தமிழ்நாட்டு மேடைகளில் பரப்பினர். 1964 இல் தாசரின் நானூறாவது நினைவாண்டையொட்டி இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

நம் பிள்ளைகளின் விரல்களில்

கடல் கடந்து வந்த நம் முன்னோர் இச்செல்வத்தையும் உடன் கொண்டுவந்தனர். 1949 இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் முதலான அமைப்புகளும், ஆலயங்கள் நடத்தும் வகுப்புகளும், அடுக்குமாடி வீடுகளில் பாடம் சொல்லும் ஆசிரியர்களும் இதனைக் காத்து வருகின்றனர்.

ஆலயச் செயலாளர் என்ற முறையில் அடியேன் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றைப் பணிவுடன் குறிப்பிட விழைகின்றேன். விஜயதசமியன்று இசை வகுப்பின் பெயரேடு நிறைந்து காணப்படும். தைப்பூசம் வருவதற்குள் அதில் வெற்றிடங்கள் தோன்றிவிடும். மூன்று மாதமாகியும் ஒரு பாட்டுக்கூட வரவில்லையே, வெறும் எண்ணிக்கையாகவே இருக்கின்றதே என்பது பெற்றோர் சிலரின் குறை. அடுத்த விழாவில் பிள்ளையை மேடையேற்ற வேண்டும் என்னும் ஆவலே அதற்குக் காரணம். அந்த ஆவல் குற்றமன்று. ஆனால் அதற்காக எண்ணும் பாடத்தைத் தாண்டிச் செல்வது, அடித்தளமின்றிக் கோபுரம் எழுப்புவதை ஒக்கும்.

அடியேனும் சிறுவயதில் அலங்காரத்தின் பாதியிலேயே வகுப்பை விட்டவன். ஆசிரியர் தடுத்தும் கேட்டிலேன். இன்று பஜனையில் அமரும்போது பாட்டு வேகமெடுத்தால் என் கையிலுள்ள ஜால்ராவும் கூடவே ஓடிவிடுகின்றது. பக்கத்தில் இருக்கும் பத்து வயதுச் சிறுமியின் விரல்களோ அசையாத ஒழுங்குடன் எண்ணிக்கொண்டிருக்கும். அச்சிறுமியைப் பார்த்தே அடியேன் தாளத்தைத் திருத்திக்கொள்வது வழக்கம். ஐம்பது வயதைக் கடந்தும் பத்து வயதைப் பின்பற்ற நேர்ந்தது பொறுமையின்மை தந்த பரிசு.

இக்காலத்தில் கைத்தொலைபேசியே தாளம் போட்டுக் காட்டுகின்றது. பயிற்சிக்கு அது துணையாகலாம். ஆனால் கருவி எண்ணும்போது கருவிக்குத்தான் தாளம் தெரியும். கை எண்ணும்போதுதான் பிள்ளைக்குத் தெரியும். குரல் விரைய விரையக் கை நிதானம் தவறாதிருக்கக் கற்ற பிள்ளைக்கு, தேர்வு நாளிலும் துன்ப நாளிலும் அந்த நிதானம் உதவும்.

ஆகவே அன்பர்களே, இவ்விஜயதசமியில் தங்கள் செல்வங்களை இசை வகுப்பில் சேர்க்கும்போது, ஏழு அலங்காரங்களும் மூன்று காலங்களிலும் நிறைவுறும் வரை பொறுத்திருப்பது என்று அம்பிகையின் சந்நிதியில் உறுதி பூணுங்கள். வீட்டில் பிள்ளை பயிலும்போது அருகமர்ந்து தாங்களும் விரல்களை எண்ணிப் பாருங்கள். வருகின்ற தை அமாவாசை நாளில் தாசர் பெருமானை நினைந்து, அவர் அருளிய கீதம் ஒன்றைப் பிள்ளைகளைப் பாடச் செய்யுங்கள். அதற்குப் பெருஞ்செலவு ஏதும் வேண்டியதில்லை. அரை மணி நேரம் போதும்.

தேய்ந்த காசு ஒன்றைக் கொடுக்க மனமில்லாதிருந்த ஒருவர், இறைவன் திருவருளால், நானூறு ஆண்டுகளுக்கு மேலாக எடுக்க எடுக்கக் குறையாத செல்வத்தை உலகிற்கு ஈந்தார். அச்செல்வம் நம் பிள்ளைகளின் ஐந்து விரல்களில் அடங்கியிருக்கின்றது. அதனை எண்ணிக் காப்போமாக! கலைமகளின் திருவருளும் புரந்தர விட்டலனின் பேரருளும் அனைவருக்கும் கிட்டுவதாக!